கருவாட்டுப் பெட்டியில் சாமை

“அந்த வண்டி உங்கப்பன் காலுக்குத்தான் கெளம்பும். நீ எத்தினி படிச்சா இன்னா, உனுக்குக் கெளம்பாது.”

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், பந்தல் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டே சித்தப்பா இப்படிச் சொன்னார். ஸ்கூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அண்ணன் வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனாலும் அந்தச் சொல் என்னைத் தைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். அதை வெட்கப்படாமல் எங்கேயும் சொல்வேன். என்னால் ஆகாது என்று எனக்கு முன்னால் யார் முடிவு செய்தாலும் பிடிக்காது.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். அப்பா கருவாட்டு வியாபாரி. உளுந்தூர்பேட்டையில் மொத்தமாகக் கருவாடு எடுப்பார். ஸ்கூட்டரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தியிருந்தார். ஞாயிறுதோறும் பெட்டி நிறையக் கருவாட்டோடு கல்வராயன் மலைக்குப் போவார். மலையில் கடுக்காம்பட்டு என்கிற சின்ன ஊர்தான் அவருக்குக் கடைசி நிறுத்தம். அங்கே பாதி வியாபாரம் காசுக்கு, பாதி சாமைக்கு. ஒரு படி சாமை கொடுத்தால் இரண்டு கை நெத்திலி.

அந்த ஊரில் பொன்னி என்பவரை அப்பா தங்கச்சி என்று கூப்பிடுவார். அப்பாவுக்கு உடன்பிறந்த பெண்கள் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் அவருக்கு ஒரு புடவை எங்கள் வீட்டிலிருந்து போகும். முறைப்படி எனக்கு அத்தை. நான் பார்த்ததே இல்லை.

அப்பா நெஞ்சுவலியில் போய் இரண்டு மாதம் ஆகிறது. உறவுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஆள் போய்ச் சாவு சொல்லியாயிற்று. மலைக்கு மட்டும் யாரும் போகவில்லை. கடுக்காம்பட்டில் செல்பேசிக்கு டவர் எடுக்காது. “கருவாடு வாங்கறவங்களுக்கெல்லாமா சாவு சொல்லுவாங்க?” என்று சித்தப்பா கேட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு அங்கேயே நினைவு போகும். ஒரு பெண், அண்ணன் ஏன் வரவில்லை என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தையில் யாரோ போகிறபோக்கில் சொல்லி அவருக்குத் தெரிவதற்கு முன், நான் போய்ச் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் போகலாம்தான். ஆனால் அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வண்டியைத்தான் தெரியும்.

சனிக்கிழமை மாலை வண்டியை மூடியிருந்த சாக்கை விலக்கினேன். காரியத்தன்று ஊற்றிய மஞ்சள் தண்ணீர் வண்டி முழுக்கக் காய்ந்து கோடுகோடாக இருந்தது. செத்தவர் கைபட்ட பொருள்களை அன்று மஞ்சள் தண்ணீரால் கழுவித் தீட்டுக் கழிப்பது எங்கள் வழக்கம். தராசு, செருப்பு, தகரப் பெட்டி எல்லாவற்றையும் அம்மா கழுவினாள். வண்டியையும் கழுவினாள்.

உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். இஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி பிடித்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, முனையின் இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினேன். பிறகு அப்பா செய்வதுபோல வண்டியை இஞ்சின் பக்கமாக நன்றாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தேன். பழைய கியர் ஸ்கூட்டர் வைத்திருந்த வீடுகளில் இந்தச் சாய்க்கிற வித்தை எல்லோருக்கும் தெரியும். நின்றுபோயிருந்த கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்கும். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. சைலன்சரில் ஓட்டை இருப்பதால் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு, தகரத்தில் மழை கொட்டுவதுபோல. இரண்டு மாதம் கழித்து அந்தச் சத்தம் வந்ததும் அம்மா உள்ளிருந்து வேகமாக வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பா தெருவிலிருந்தே கேட்டார்: “வூட்டாண்ட கெளம்பறது பெரிய விசியமா? மலை ஏறட்டும், அப்பால பேசு.”

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பெட்டி காலி. கள்ளக்குறிச்சி வரை நல்ல சாலை. அங்கே நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, இஞ்சின் ஆயிலும் சேர்த்துக் கலந்துகொண்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. டீக்கடைக்காரர் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால் கேட்கவில்லை. எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. முதலில் சொல்ல வேண்டியது அவரிடம் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. தோகை காற்றில் பறந்து முகத்தில் அறைந்தது. எட்டு மணிக்குக் கச்சிராயபாளையம். அதைத் தாண்டினால் கோமுகி அணை. கரையோரம் வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தேன். அணைக்குப் பின்னால் மலை அடுக்கடுக்காக நீல நிறத்தில் நின்றது. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: இது ஊட்டி, கொடைக்கானல்போல ஆட்கள் குவிகிற மலை இல்லை. சாலையில் எதிரே வருவது பெரும்பாலும் கிழங்கு வண்டியும் அரசுப் பேருந்தும்தான். காட்டு வாசனை வரும், இஞ்சினை நிறுத்தினால் அமைதி வரும். இரண்டையும் தவிர அங்கே விற்பனைக்கு ஒன்றும் இல்லை.

மலைச்சாலையில் ஏற ஏற இரண்டாவது கியரை விட்டு மாற்ற முடியவில்லை. ஒன்பது மணி வாக்கில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன், வண்டி இருமியது. மேல் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. காலுக்கு நடுவே இருக்கும் திருகை, டாங்கின் அடியில் மிச்சம் இருப்பதை எடுக்கும் ரிசர்வுக்குத் திருப்பினேன். சீராயிற்று. வளைவில் பாதி திரும்பினேன். மறுபடியும் இருமி, குலுங்கி, செத்துப்போனது.

பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு உதைத்தேன். சாய்த்து உதைத்தேன். இன்னும் நன்றாகச் சாய்த்து உதைத்தேன். சித்தப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. அதைவிட மோசமாக, மேலே ஒரு பெண் காத்திருப்பது நினைவுக்கு வந்தது.

மேலிருந்து கிழங்கு மூட்டைகளோடு ஒரு சின்ன லாரி இறங்கி வந்து, வளைவில் நான் நின்றதால் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் ஏகாம்பரம், ஊர் சங்கராபுரம் என்று பிறகு சொன்னார்.

“இன்னாம்மா, ரோட்ட வாடகைக்கு எடுத்துக்கினியா?”

“வண்டி நின்னுபோச்சுண்ணே.”

“கூட ஆம்பள யாரும் வர்லியா?”

“ஆம்பள வந்தா வண்டி ஓடுமாண்ணே?”

அவர் சிரித்துவிட்டு இறங்கினார். “சரி, வாய் இருக்குது உனுக்கு. தள்ளு, நான் ஒதைக்கிறேன்.” உதைத்தார். பலமாக, தொடர்ந்து உதைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் உதைத்தார். “இது வண்டி இல்லம்மா, பொணம்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு என் முகம் மாறியிருக்க வேண்டும். என்ன என்று கேட்டார். யாருடைய வண்டி, எதற்காக மேலே போகிறேன் என்று அவரிடம்தான் அன்று முதலில் சொன்னேன்.

“கருவாட்டுக்காரரா? பாத்திருக்கிறேன். எறக்கத்துல எனுக்கு வழி வுட்டு ஓரமா நிப்பாரு. ஹாரன் அடிச்சா கையத் தூக்குவாரு.” பிறகு, “லாரியில தூக்கிப் போட்டுக்கினு கீழ போயிடலாம்மா. கச்சிராயபாளையத்துல மெக்கானிக்காண்ட வுட்டுடறேன்” என்றார்.

அது நியாயமான பேச்சு. ஆனால் இறங்கினால் இந்த ஞாயிறு போய்விடும். அடுத்த ஞாயிறுக்குள் வண்டி இரும்புக்கடையில் இருக்கும்.

“ஒரு அரமணி நேரம் பாக்கறேண்ணே. திருப்புளி மட்டும் குடுங்க.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இஞ்சின் ஓட நெருப்பு வேண்டும், பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும். எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. துடைத்து, வயரில் மாட்டி, இஞ்சின் உடம்பில் படும்படி வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும்.

“குடு, நான் புடிக்கிறேன். நமக்கு இதெல்லாம் பழக்கம்” என்று ஏகாம்பரம் அண்ணன் வாங்கிக்கொண்டார்.

“உலோகத்தத் தொடாதீங்கண்ணே.”

“நீ ஒதம்மா.”

உதைத்தேன். அவர் ஓர் அடி பின்னால் குதித்தார். “யம்மாடி! நெருப்பு இருக்குது! நல்லா இருக்குது!” என்று கையை உதறினார். அந்த நாளில் நான் சிரித்த ஒரே இடம் அதுதான்.

நெருப்பு இருக்கிறது. பிளக் நனைகிறது என்றால் உள்ளே ஏதோ போகவும் செய்கிறது. பிறகு ஏன் பற்றவில்லை? கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து உதறி, அதன் வாயில் வைத்துத் திருகைத் திறந்தேன். பாட்டில் பாதி நிறைந்ததும் திருகை மூடி, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன்.

பாட்டிலுக்குள் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே மெல்லிய அடுக்காகப் பெட்ரோல். அடியில் தண்ணீர், கலங்கலாக, மஞ்சளாக.

பெட்ரோல் தண்ணீரில் கலக்காது, மேலே மிதக்கும். டாங்கின் அடியில் தங்கியிருந்த தண்ணீர், மேல் பெட்ரோல் இருக்கும்வரை குழாய்க்கு எட்டவில்லை. ரிசர்வுக்குத் திருப்பினால் அடியிலிருந்து இழுக்கும். இழுத்தது. நான் சாய்க்கச் சாய்க்க இன்னும் தண்ணீரைத்தான் உள்ளே விட்டிருக்கிறேன். அதெல்லாம் உடனே விளங்கிவிட்டது. அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தபிறகு மட்டும் கை ஓடவில்லை. அது என் வீட்டு மஞ்சள். அப்பாவின் காரியத்து மஞ்சள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாம்மா அது? மழைத் தண்ணியா?”

“இல்லண்ணே. தீட்டுத் தண்ணி.”

அவர் தன் வண்டியிலிருந்து இன்னொரு காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் வருவது நின்று சுத்தமான பெட்ரோல் வரும்வரை பிடித்தோம். கார்புரேட்டரின் அடியிலிருந்த திருகைக் கழற்றி அதற்குள் தேங்கியதையும் வடித்தேன். பாட்டிலின் மேலே நின்ற பெட்ரோலை, தண்ணீர் சேராமல், நான் தலையில் கட்டி வந்த அப்பாவின் துண்டில் வடிகட்டி டாங்கில் ஊற்றினேன். அடியில் நின்ற மஞ்சள் தண்ணீரைச் சாலையோர மண்ணில் கொட்டினேன். பிளக்கை வெயிலில் காய வைத்து, எல்லாவற்றையும் மாட்டி உதைத்தேன். நான்கைந்து உதை வீணாயிற்று. பிறகு ஒரு வெள்ளைப் புகை. பிறகு அந்தத் தகரச் சத்தம், மலை முழுக்க.

“போம்மா. பாத்துப் போ” என்று ஏகாம்பரம் அண்ணன் லாரியில் ஏறினார். கிளம்பும்போது ஹாரன் அடித்தார். என்னை அறியாமல் கையைத் தூக்கினேன்.

கடுக்காம்பட்டுக்கு வெள்ளிமலைச் சாலையிலிருந்து பிரிந்து ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். மண்ணும் கல்லுமான பாதை. பதினொன்றரை மணிக்கு ஊர் முனைக்கு வந்தேன். ஹாரனை அழுத்தவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு பெண் குரல் கேட்டது:

“இன்னாண்ணே, ரெண்டு மாசமா எங்க ஓடி ஒளிஞ்சிக்கினீங்க? வேற ஊர்ல வியாபாரம் ஜாஸ்தியாப் பூடுச்சா?”

சிரிப்புச் சத்தமும் கேட்டது. திரும்பினேன். ஏழெட்டுப் பெண்கள் கையில் படியும் முறமும் கிண்ணமுமாக நின்றார்கள். எல்லாவற்றிலும் சாமை. என்னைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. நான் இஞ்சினை அணைத்தேன்.

நடுவில் நின்றவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். அவர் கட்டியிருந்த பச்சைப் புடவையை நான்தான் போன பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் எடுத்தேன். அதனால் ஆளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நீ யாரும்மா? அண்ணன் பொண்ணா?” என்றார். “ஊருக்கு நேர் கீழ வளைவுல வண்டி நின்னுது. இங்க நல்லாக் கேக்கும். சாய்ச்சி சாய்ச்சி ஒதைக்கிறாரு அண்ணன்னு சொல்லிக்கினு இருந்தேன். மறுபடி கெளம்பின சத்தம் கேட்டதும் புளி கரைச்சி வெச்சிட்டேன், கொழம்புக்கு.” என் பின்னால் பாதையைப் பார்த்தார். “அண்ணன் நடந்து வர்றாரா?”

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இறங்கினேன்.

“அப்பா தவறிட்டாருங்க அத்தை.”

அவர் அழவில்லை, முதலில். வண்டியின் கைப்பிடியைத் தொட்டார். சீட்டைத் தொட்டார். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தகரத்தின் மேலேயே தலையைச் சாய்த்துக் குரலெடுத்தார். கேலி பேசிய பெண் என் பக்கத்தில் வந்து, “தெரியாம சொல்லிட்டேம்மா, தெரியாம சொல்லிட்டேம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் அத்தை கேட்டார்: “எப்போ?”

சொன்னேன்.

“கூடப் பொறந்தவ மாதிரி வெச்சிருந்தாரு. ஒரு பிடி வாய்க்கரிசி போட எனுக்குக் குடுத்து வெக்கலியே.”

சாவு சொல்ல ஆள் அனுப்பாதது நாங்கள். அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெட்டியத் தெறம்மா” என்றார்.

திறந்தேன். காலிப் பெட்டியிலிருந்து கருவாட்டு வாசனை எழுந்தது. அத்தை தன் முறத்திலிருந்து சாமையை அள்ளி, வாய்க்கரிசி போடுவதுபோலப் புறங்கை வழியாகப் பெட்டிக்குள் விட்டார். மூன்று முறை. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். கருவாட்டுக்கு நிற்பதுபோலவே வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. தானியம் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கரைத்த புளியைக் கொட்டிவிட்டு, அத்தை எனக்குச் சாமைக் கஞ்சி கொடுத்தார். வீட்டைப் பற்றி, அம்மாவைப் பற்றி விசாரித்தார். “அண்ணிய ஒரு வாட்டி கூட்டிக்கினு வாங்கன்னு எத்தினியோ தடவ சொன்னேன். பின்னால பெட்டி இருக்குது, எடம் இல்லம்மான்னுவாரு.” கிளம்பும்போது, “பெட்டியில இருக்கறத வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவக் கூடாது. ஓடற தண்ணியில வுட்டுடு” என்றார். இனிமேல் கருவாடு யார் கொண்டுவருவார்கள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினேன். வெள்ளிமலையில் ஒரு பெட்டிக்கடையில் பாட்டில் பெட்ரோல் கிடைத்தது, நூற்றிருபது ரூபாய். வண்டி நின்ற வளைவில் நான் தீட்டுத் தண்ணீரைக் கொட்டிய இடம் மண்ணில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஐந்து மணிக்குக் கோமுகி அணைக்குக் கீழே, மதகுத் தண்ணீர் ஓடும் இடத்தில், சாமையை விட்டேன். சின்ன மீன்கள் கூட்டமாக வந்து கொத்தின. காலம் முழுக்கக் கருவாடு விற்றவரின் வாய்க்கரிசி மீன்களுக்குப் போனது. அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருட்டும் நேரத்தில் வீடு. சித்தப்பா வாசலில் நின்றிருந்தார். வண்டியின் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்திருப்பார். “கெளப்பிக்கினு வந்துட்டியா?” என்றார். “மலைக்குச் சேதி சொல்லிட்டேன் சித்தப்பா” என்றேன். இரும்புக்கடைப் பேச்சு அதன்பின் வரவில்லை.

அம்மாவிடம் கேட்டேன், கோபத்தோடுதான். “பெட்ரோல் மூடியத் தெறந்து உள்ள தண்ணி ஊத்துனியாம்மா?”

“ஆமா. ஒரு சொம்பு ஊத்துனேன்.”

“ஏம்மா?”

“எல்லாத்தையும் கழுவிட்டு அத மட்டும் வுட முடியுமா? தெனமும் அவரு கைபட்ட மூடி. நீதான இனிமே ஓட்டப் போற. எம்புள்ள தீட்டோட ஓட்டக் கூடாது இல்ல.”

அது பதினாறாம் நாள் காலையில் நடந்தது. சித்தப்பா என்னால் ஆகாது என்று சொன்னது அன்று மாலை. நான் ஓட்டுவேன் என்று அன்று எனக்கே தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் மலைச்சாலையில் ஒரு பாட்டிலில் வடித்து மண்ணில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்கள் ஊரில் நிலம் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு வண்டி வரும் சத்தம் தெருமுனைக்கு வந்தபிறகுதான் கேட்கும். மலையில் வெகு முன்பே கேட்டுவிடுகிறது. புளி கரைத்து வைக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துவிடுகிறது. அத்தை இனி எந்த ஞாயிறும் அந்தச் சத்தத்தைக் கேட்க மாட்டார் என்பதை நினைத்தபடி இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்தேன். பெட்டியின் துருப்பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். பரணில் கிடந்த பின்சீட்டைத் தூசி தட்டி அந்த இடத்தில் பொருத்தினேன். வரும் ஞாயிறு கருவாட்டுக் கூடையை முன்னால், கால் வைக்கும் பலகையில், வைத்துக்கொள்ளலாம். பெண்கள் கால் வைக்க இடப்பக்கம் ஒரு மடக்குப்படி உண்டு. ஒருநாளும் பயன்படாமல் துருவேறி இறுகியிருந்தது. அதையும் தேய்த்து எண்ணெய் போட்டிருக்கிறேன். அம்மாவை ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கால் எட்டுகிறது.